பட்டாளத்துக்குப் போனவர்கள்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சிப்பாயின் போர்க்காலப் பணி

முதல் உலகப் போருக்குப் போன ஆஸ்திரேலியக் காலாட்படைச் சிப்பாய் ஒருவரின் கதையை அவருடைய பேரன் இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே படித்துவிடலாம். படையில் சேர்ந்த நாள், உயரம், கண்ணின் நிறம், முன்பு செய்த தொழில், ஏறிய கப்பல், காயம்பட்டுக் கிடந்த மருத்துவமனை, சொல்லாமல் கொள்ளாமல் முகாமைவிட்டுப் போனதற்காகப் பிடித்த சம்பளம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். இறந்துபோனவர் என்றால், தாய்க்குப் படை அலுவலகம் எழுதிய கடிதமும் அந்தத் தாய் போட்ட பதிலும்கூடச் சேர்ந்திருக்கும். இப்படிப்பட்ட ஏறத்தாழ 3,76,000 கோப்புகளை அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் படமெடுத்து இணையத்தில் திறந்துவைத்திருக்கிறது. மக்கள்தொகை ஐம்பது லட்சத்தை எட்டாத நாடு அது. அங்கிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்தார்கள், சுமார் அறுபதாயிரம் பேர் திரும்பவில்லை. அந்தப் போரின் வரலாற்றை எழுதிய சார்லஸ் பீன், தளபதிகளைவிடப் பதுங்குகுழியில் கிடந்த சாதாரண ஆளையே மையமாக வைத்து எழுதினார். அவர் விரும்பிய போர் நினைவகம் 1941இல் கான்பராவில் திறக்கப்பட்டது.

அதே போருக்கு அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் விழுப்புரம், திண்டிவனம் தாலுகாக்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்துப் பழகிய கைகள் துப்பாக்கியைப் பிடித்தன. பல பேருக்கு அங்கேயும் மண்வெட்டிதான் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவருடைய போர்க்காலத்தை, சேர்ந்த நாள் முதல் திரும்பிய நாள் வரை, ஆவணத்தோடு எழுத முடியுமா? இந்தக் கட்டுரை எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி அதுதான். முதல் போருக்குப் பெரும்பாலும் முடியாது, இரண்டாம் போருக்கு ஓரளவு முடியும், அதற்கும் காலம் மிகக் குறைவு என்பது என் முடிவு.

இந்த மண்ணுக்குப் பட்டாளம் புதிதல்ல. திண்டிவனத்தின் ஒரு பகுதியான கிடங்கில், சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடனின் கோட்டை இருந்த ஊர். செஞ்சிக் கோட்டையை 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1761இல் ஆங்கிலேயர் பறித்தார்கள். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதியபோது இரண்டு பக்கமும் தமிழ்ச் சிப்பாய்கள் நின்றார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1758இல், சென்னையில் சிதறிக் கிடந்த சிப்பாய்க் கம்பெனிகளை ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் பட்டாலியன்களாகத் திரட்டியிருந்தார். மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பை அங்கிருந்துதான் கணக்கிடுகிறது. 1780இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படையை இராணுவம் முழுவதும் ‘தம்பிகள்’ என்றே இன்றும் அழைக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியப் பேரரசை வென்று கொடுத்ததில் பெரும்பங்கு மதராஸ் படையுடையது. 1806 ஜூலை 10 அன்று வேலூரில் கம்பெனியை முதலில் உலுக்கியதும் அதே படைதான்.

அப்படிப்பட்ட படையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயரே ஒதுக்கித் தள்ளினார்கள். 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைமை ஏற்றார். தென்னாட்டில் நீண்டகாலம் சண்டையே இல்லாததால் தென்னாட்டுக்காரரின் போர்க்குணம் மங்கிவிட்டது, வடமேற்கே ரஷ்யாவை எதிர்க்க இவர்கள் போதமாட்டார்கள் என்பது அவருடைய தீர்ப்பு. ‘போர்க்குடிகள்’ என்ற கொள்கை அதிகாரபூர்வமானது. பஞ்சாபியரும் கூர்க்காக்களும் பட்டாணியரும் உள்ளே வர, தமிழரும் தெலுங்கரும் படிப்படியாக வெளியேற்றப்பட்டார்கள். பட்டாலியன்கள் பெயரில் மட்டும் மதராஸைச் சுமந்துகொண்டு உள்ளே ஆள் மாறின. இதை ஓர் அநீதி என்றே நான் சொல்வேன். சோதித்துப் பார்க்காமலே ஒரு மக்கள்கூட்டத்தின் துணிவைப் பற்றிக் காகிதத்தில் எழுதிய தீர்ப்பு அது.

அதன் விளைவு நம் கேள்வியை நேராகத் தொடுகிறது. காலாட்படையின் கதவு ஒடுங்கியதால், தென்னார்க்காட்டு இளைஞருக்குத் திறந்திருந்த வழிகள் சாப்பர்ஸும் பயனியர்ஸும்தான். சாப்பர்ஸ் பாலம் கட்டும், கண்ணிவெடி அகற்றும். பயனியர்ஸ் துப்பாக்கியும் மண்வெட்டியும் ஒருசேரத் தூக்கிச் சாலை போடும். 61, 64, 81 என்ற எண்களில் மதராஸ் பயனியர் பட்டாலியன்கள் இருந்தன. காலாட்படையிலோ கர்நாடிக் இன்ஃபண்ட்ரி, வாலாஜாபாத் லைட் இன்ஃபண்ட்ரி, பாளையங்கோட்டை லைட் இன்ஃபண்ட்ரி என்று நம் ஊர்களின் பெயர் தாங்கிய சில பட்டாலியன்களே எஞ்சின. ஆகவே ஆஸ்திரேலியாவில் ‘சாதாரணக் காலாட்படை வீரன்’ என்று எவரைத் தேடுகிறார்களோ, அவருக்கு ஒத்தவரை இங்கே தேடும்போது மண்வெட்டி பிடித்தவரையும் சேர்த்துத்தான் தேட வேண்டும்.

முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம் ஆவதற்குள், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே அந்தக் கப்பலை வீழ்த்தியது ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். எம்டனை நினைவில் வைத்திருக்கும் தமிழகம், அதே நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் தமிழ்ச் சிப்பாய்களுக்கு நடந்ததை அநேகமாக அறியவே இல்லை.

டாங்காவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சுமார் எட்டாயிரம் பேர் கொண்ட இந்தியப் படை, ஆயிரம் பேர் அளவேயிருந்த ஜெர்மன் காலனிப் படையிடம் தோற்றது. அங்கே இறக்கப்பட்டவற்றில் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபண்ட்ரியும் 61ஆவது பயனியர்ஸும் உண்டு. பாளையங்கோட்டைப் படை சிதறி ஓடியது என்று பழி வந்தது. சிதறியது உண்மை. ஆனால் அந்த ஆட்கள் வாரக்கணக்கில் நெரிசலான கப்பல்களில் கிடந்து வந்தவர்கள். சில பட்டாலியன்களுக்குப் புதிய துப்பாக்கி கைக்கு வந்ததே புறப்படும் நேரத்தில்தான், சுட்டுப் பழக நாளில்லை. எதிரியின் பலத்தை உளவறியாமல், அடர்ந்த ரப்பர்த் தோட்டத்துக்குள் அவர்களை நடக்கவிட்டார் தளபதி எய்ட்கன். அதே தோட்டத்துக்குள் ஆங்கிலேயச் சிப்பாய்களும் தடுமாறினார்கள், அவர்களையும் தேனீக்கள் துரத்தின. ஆயினும் பழி மொத்தமும் ‘மதராஸிகள்’ தலையில் விழுந்தது. முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த போர்க்குடிக் கொள்கைக்கு ஆதாரம் கிடைத்துவிட்டதாக எழுதினார்கள். பயிற்சியும் ஆயுதமும் கொடுக்காமல் வைத்துவிட்டு, பிறகு பயிற்சியில்லை என்று குற்றம்சாட்டிய கதை இது.

போர் நீண்டது, ஆள் தேவைப்பட்டது, கதவு மறுபடி திறந்தது. 1914க்கும் 1918க்கும் இடையே மதராஸ் மாகாணத்திலிருந்து சுமார் 51,000 பேர் போர்வீரராகவும் 41,000 பேர் போரிடாப் பணியாளராகவும் சேர்ந்தார்கள். பஞ்சாப் கொடுத்தது மூன்றரை லட்சம் போர்வீரர்கள். சம்பளம் மாதம் பதினொரு ரூபாய். மழை பொய்த்தால் கூலியே கிடைக்காத வட்டாரத்தில் மாதம் தவறாமல் வரும் பதினொரு ரூபாய் பெரிய பணம். நாட்டுப்பற்றா வயிற்றுப்பாடா என்று ஆய்வாளர்கள் விவாதிப்பதைப் படித்திருக்கிறேன். தென்னார்க்காட்டின் மானாவாரி நிலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த விவாதம் நீளத் தேவையில்லை.

அவர்கள் போன இடம் பெரும்பாலும் பிரான்ஸ் அல்ல. இன்றைய ஈராக்கான மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா, எல்லைப்புறங்கள். பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்தார்கள். அந்தத் தொகுப்பு இன்றும் லண்டனில் இருக்கிறது, டேவிட் ஓமிசி அதிலிருந்து தேர்ந்து 1999இல் ஒரு நூல் கொண்டுவந்தார். அதில் பேசும் குரல்கள் பெரும்பாலும் வடநாட்டுக் குரல்கள். மெசபடோமிய வெயிலில் டைகிரிஸ் ஆற்றங்கரையில் மண்வெட்டிய தமிழனின் கடிதம், அவர் எழுதியிருந்தாலும் யாராவது எழுதிக் கொடுத்திருந்தாலும், ஊருக்கு வந்து ஓலைப்பெட்டியோடு செல்லரித்துப் போயிற்று.

எஞ்சியவை இரண்டு. ஒன்று, பதக்கம். முதல் போரின் வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பைச் சுற்றித் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் அடித்திருக்கும்: படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு. சுமைதூக்கி, சமையல்காரர் போன்ற பணியாளர்களுக்கு வெள்ளி இல்லை, வெண்கலம். ஒரு குடும்பத்தில் இந்தப் பதக்கம் இருந்தால், அந்த விளிம்பின் ஒரு வரிதான் அவருடைய கோப்பு முழுவதும். வறுமைக்கு அடகுக்கடையில் உருகிய வெள்ளிப் பதக்கங்கள் எத்தனையோ, அவற்றோடு எத்தனை பேரின் ஒரே ஆவணம் உருகியதோ என்று நினைத்தால் மனம் பதைக்கிறது. இரண்டாவது, சுவரில் பதித்த கல். இந்த ஊரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்த சலவைக்கல். வேலூர் நீண்ட கடைத்தெரு மணிக்கூண்டில் உள்ள கல் 277 பேர் போனதையும் 14 பேர் மாண்டதையும் சொல்கிறது. அந்தக் கற்களில் எண் உண்டு, பெயர் இல்லை.

எண்ணாகவே நிறுத்தப்பட்டது அங்கு மட்டுமா? மெசபடோமியாவில் இறந்து புதையிடம் தெரியாத நாற்பதாயிரம் பேருக்காக எழுப்பிய பஸ்ரா நினைவுச்சின்னத்தில் ஆங்கிலேயச் சிப்பாயின் பெயர் பொறிக்கப்பட்டது. இந்திய அதிகாரியின் பெயரும் பொறிக்கப்பட்டது. இந்தியச் சிப்பாய்க்கோ படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஒரு தொகை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இதைத் தானே ஒப்புக்கொண்டது. இந்தியரும் ஆப்பிரிக்கரும் எகிப்தியரும் பெரும்பான்மையாக உள்ள 45,000 முதல் 54,000 பேர் சமமின்றி நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரின்றியோ அடியோடு நினைவே இன்றியோ விடப்பட்டார்கள் என்றும் அந்த அறிக்கை கூறி மன்னிப்புக் கேட்டது.

இந்த இடத்தில் செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலையைத் தாண்டிச் செங்கம் வட்டாரத்துக்குப் போய் வருவது நல்லது. அங்கே பல்லவர் காலத்து நடுகற்கள் நூற்றுக்கு அருகில் கிடைத்து, இரா. நாகசாமியின் பதிப்பில் 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாயின. ஒவ்வொரு கல்லும் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊரில், எதற்காக விழுந்தான் என்று சொல்கிறது. பெரும்பாலும் மாடு மீட்கப் போய் மாண்டவர்கள், அரசர்கள் அல்லர். எடுத்தனூர்க் கல்லில் வீரனுக்கு அருகே ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். மகேந்திரவர்மன் காலத்தில் ஒரு நாய்க்குக் கிடைத்த உரிமை, ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் தென்னார்க்காட்டு மனிதனுக்குக் கிடைக்கவில்லை. சிப்பாய்களின் பெயரைக் குறிப்பது மேல்நாட்டு வழக்கம் என்று சொல்பவர்கள் இந்தக் கல்லைப் பார்க்க வேண்டும். அது நம் வழக்கம். இருபதாம் நூற்றாண்டில்தான் விட்டுப்போயிற்று.

போர் முடிந்ததும் கதவு மீண்டும் மூடியது. கர்நாடிக் பட்டாலியன்களை இணைத்து உருவாக்கிய மூன்றாம் மெட்ராஸ் ரெஜிமென்ட் 1920களின் இறுதிக்குள் முற்றாகக் கலைக்கப்பட்டது. 1929இல் ஒன்றாக இணைத்த மதராஸ் பயனியர் படை 1933இல் கலைந்தது. சிக்கனம் என்று காரணம் சொன்னார்கள். இதன் அடி யார்மீது விழுந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாப்பர்ஸிலும் பயனியர்ஸிலும் பறையர்களும் கிறிஸ்தவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துவந்தார்கள். ஊரில் தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடாத காலத்தில் பட்டாளம் அவர்களுக்குப் பூட்ஸ் கொடுத்தது, ரெஜிமென்ட் பள்ளியில் எழுத்துக் கொடுத்தது, ஓய்வூதியம் கொடுத்தது. ஓய்வூதியக்காரராகத் திரும்பி வந்த சேரிக்காரரிடம் பண்ணையார் பழைய மாதிரி பேச முடியவில்லை. மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கும் இதுவே நடந்தது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி படையில் சுபேதார், படைப்பள்ளியில் ஆசிரியர். தென்னார்க்காட்டின் தலித் வரலாற்றை எழுதுகிறவர்கள் பண்ணையடிமை முறையையும் பஞ்சமி நிலத்தையும் எழுதிய அளவுக்குப் பட்டாளத்தை இன்னும் எழுதவில்லை என்பது என் வருத்தம்.

இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. இரண்டு லட்சம் பேராக இருந்த இந்தியப் படை இருபத்தைந்து லட்சமாக வளர்ந்தது. போர்க்குடிக் கொள்கையைக் கட்டிக்கொண்டு அத்தனை பேரைச் சேர்க்க முடியாது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது. பஞ்சாபுக்கு அடுத்தபடியாக அதிக ஆள் கொடுத்தது மதராஸ் மாகாணம்தான். சேர்ந்தவர்கள் சாப்பர்ஸ், பயனியர், லாரி ஓட்டும் சர்வீஸ் படை, மருத்துவப் படை, சிக்னல் என்று எங்கும் பரவினார்கள்.

விழுப்புரம் பக்கத்து ஆள் ஒருவர் 1942இல் சாப்பர்ஸில் சேர்ந்தால் அவருக்கு என்னவெல்லாம் நடந்திருக்கும் என்பதைப் படைகளின் பதிவுகளிலிருந்து ஓரளவு கோக்க முடிகிறது. ஜங்ஷனில் ரயில் ஏறி பெங்களூர் போவார். அல்சூர் ஏரியை ஒட்டிய முகாமில் முடிவெட்டி, எண் கொடுத்து, காக்கி கொடுப்பார்கள். ஆங்கில எழுத்தில் எழுதிய உருதுவைக் கற்றுக்கொடுப்பார்கள், கட்டளை புரிய வேண்டுமே. ரேஷனில் அவர் ‘அரிசி தின்பவர்’ என்ற பட்டியலில் இருப்பார், இல்லாவிட்டால் கோதுமை மாவு வந்துவிடும். ஏரியில் மிதவைப் பாலம் போட்டுப் பழகுவார். வீட்டுக்கு மாதம் மணியார்டர் போகும், அதைக் கொண்டுவரும் தபால்காரரைத் தெருவே காத்திருந்து பார்க்கும். பிறகு பம்பாயில் கப்பல், அல்லது அஸ்ஸாம் போகும் நீண்ட ரயில்.

கப்பல் ஏறியவர்களின் கதையில் இத்தாலி முக்கியமானது. நான்காம் இந்திய டிவிஷனின் பொறியியல் பிரிவுகளில் 12ஆவது ஃபீல்டு கம்பெனியும் 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியும் மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்தவை. 1944 வசந்தகாலத்தில் காசினோ மலையின் பின்புறமாக டாங்கிகள் ஏறும்படி, ஜெர்மானியர் கண்ணில் படாமல், ஒரு கழுதைப் பாதையை அகலப்படுத்தினார்கள். அந்தப் பாதை முடியும் மேட்டுத் திடலுக்கு ‘மெட்ராஸ் சர்க்கஸ்’ என்று பெயர். காசினோ பற்றிய விரிவான போர் வரைபடங்களில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். உலகப் போரின் மிகக் கடுமையான களங்களில் ஒன்றில் நம் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதை நம் பள்ளிக்கூடப் புத்தகம் எதுவும் சொல்வதில்லை.

அதே ஆண்டு பிப்ரவரி 24 அன்று மிக்னானோ அருகே 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியின் ஒரு குழு கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் கால் வெடியின்மேல் பட்டது. அந்த வகை வெடி காலில் பட்டதும் வெடிக்காது. சில விநாடி கழித்துத் துள்ளி மேலெழுந்து சுற்றியிருப்பவர்களைச் சல்லடையாக்கும். சுபேதார் சுப்பிரமணியன் அதன்மேல் பாய்ந்து தன் உடம்பால் மூடிக்கொண்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள், அவர் இறந்தார். ஜார்ஜ் கிராஸ் விருது 1944 ஜூன் 30 அன்று அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர் அவர், திண்டிவனத்திலிருந்து வடக்கே போனால் அடுத்த மாவட்டம். போர்க்குணம் மங்கியவர்கள் என்று ராபர்ட்ஸ் சொன்ன மக்களிலிருந்து வந்தவர்.

பர்மா முனைக்குப் போனவர்கள் இன்னும் அதிகம். மணிப்பூர் மலைகளில் சாலை, சிந்த்வின் ஆற்றில் பாலம், 1945 பிப்ரவரியில் ஐராவதியைக் கடப்பது என்று போர் நகர்ந்ததெல்லாம் சாப்பர்ஸும் பயனியர் படையும் போட்ட பாதையில்தான். மலேரியா குண்டைவிட அதிகம் பேரைப் படுக்கவைத்தது. போர் நம் வாசலுக்கும் வந்தது. உளுந்தூர்ப்பேட்டையில் போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் இன்றும் கிடக்கிறது. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டு விழுந்ததும் சென்னையிலிருந்து கூட்டங்கூட்டமாகத் தெற்கே போனவர்களுக்கு விழுப்புரம் ஜங்ஷன்தான் வழி.

சீருடை போடாமல் போரில் சிக்கியவர்களையும் இங்கே விட்டுவிட முடியாது. தென்னார்க்காடு மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களில் ஒன்று. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலியச் சிப்பாய்களும் சேர்ந்தே கைதானார்கள். இந்தியரில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய இராணுவத்துக்குப் போனார்கள், தோட்டத் தமிழர்களும் அதில் சேர்ந்தார்கள். சேர மறுத்தவர்களில் பலரை ஜப்பானியர் நியூகினியாவுக்கும் ரபாலுக்கும் கப்பலேற்றினார்கள். 1945இல் உயிரோடு எஞ்சியவர்களை அங்கே மீட்டது ஆஸ்திரேலியப் படை. அதே காலத்தில் சயாம்–பர்மா ரயில் பாதையில் சுமார் 13,000 ஆஸ்திரேலியக் கைதிகள் வேலை செய்தார்கள். அவர்களில் இறந்தவர் ஏறத்தாழ 2,800 பேர். ஒவ்வொருவருக்கும் பெயரும் கல்லும் உண்டு. பக்கத்திலேயே அதே பாதையில் தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்களுக்குப் பதிவேடும் இல்லை, வரிசையாகக் கல் நட்ட கல்லறைத் தோட்டமும் இல்லை. ஆவணம் வைக்காத இடத்தை இலக்கியம்தான் காப்பாற்றியது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யும், மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலும் இல்லாவிட்டால் அந்த உலகம் நமக்குக் கதைகளாகக்கூடக் கிடைத்திருக்காது.

பக்கத்துப் புதுச்சேரியில் நிலைமை வேறு. பிரெஞ்சுப் படைக்குப் போன ‘சொல்தா’வுக்கு ஓய்வூதியம் பிரான்சிலிருந்து வந்தது, அவர் விதவைக்கும் வந்தது. கடற்கரையில் போர் நினைவுச்சின்னம் எழுந்தது, ஜூலை 14 தோறும் அங்கே மரியாதை நடக்கிறது. திண்டிவனத்துக்காரரும் அங்குள்ளவரும் சம்பந்திகளாக இருக்கலாம். ஒருவருடைய பணி ஒரு நாட்டின் பதிவேட்டில் இருந்தது, மற்றவருடைய பணி பரணில் கிடந்தது.

1947க்குப் பிறகான காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதன் பதிவுகள் நல்ல நிலையில் உள்ளன. மெட்ராஸ் ரெஜிமென்ட் நீலகிரி வெலிங்டனில் நிலைகொண்டது. 1948இல் காஷ்மீரத்தின் தித்வால், 1971இல் பசந்தர் ஆறு என்று அதன் போர்ப் பெருமைகளில் பெயர்கள் சேர்ந்தன. சாதி பார்த்துக் கம்பெனி பிரிக்காமல் தென்னாட்டார் எல்லாரையும் கலந்து வைத்த படை அது. 1987 முதல் 1990 வரை இலங்கை சென்ற அமைதிப்படையில் தமிழ்ச் சிப்பாய்க்கு நேர்ந்த சோதனை வேறு எந்தப் போரிலும் இல்லாதது. வீடு சோதனையிடப் போன இடத்தில் கேட்ட அழுகை அவருடைய தாய்மொழியில் இருந்தது. யாழ்ப்பாண மக்கள் பட்ட துயரத்தை ஈழ எழுத்து நிறையப் பதிவு செய்திருக்கிறது, செய்யவும் வேண்டும். அந்தச் சிப்பாயின் மனதைத் தமிழகம் கேட்டறியவே இல்லை. அவர்களில் பலர் இன்று அறுபதைக் கடந்து நம் ஊர்களில் வங்கிக் காவலாளிகளாக, பஞ்சாயத்து உறுப்பினர்களாக இருக்கிறார்கள்.

டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவகத்தில் சுமார் 26,000 பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை விடுதலைக்குப் பிந்தையவை. விடுதலைக்கு முந்தைய சிப்பாய் பிரிட்டனுக்கும் அந்நியர், இந்தியாவுக்கும் வேண்டாதவர் என்ற நிலை தொடர்கிறது. வெள்ளைக்காரனுக்காகப் போரிட்டவரை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நேர்மை இருக்கிறது. ஆனால் மாதம் பதினொரு ரூபாய்க்குப் போனவருக்கு அரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்கே இருந்தது? கம்பெனி ரயிலில் வேலை பார்த்தவரையும் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவரையும் நம் குடும்ப வரலாற்றிலிருந்து நீக்கவில்லையே.

இனி, என்ன செய்ய முடியும்? பஞ்சாபில் ஒரு வழி தெரிந்திருக்கிறது. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த முதல் உலகப் போர்ப் பதிவேடுகளில் ஊர் வாரியாக 3,20,000 சிப்பாய்களின் விவரம் இருந்தது. பிரிட்டனில் வாழும் பஞ்சாபியர் அமைப்பும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றை 2021இல் இணையத்தில் ஏற்றத் தொடங்கின. தென்னார்க்காட்டுக்கு அப்படி ஒன்று வெளிவரவில்லை. ஆனால் இரண்டாம் போருக்குச் சாவி ஒன்று கையில் இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் ரங்கூன், சிங்கப்பூர், டெல்லி–கராச்சி நினைவுச்சின்னங்களில் உள்ள இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைத் தேடலாம். பல பதிவுகளில் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர், தென்னார்க்காடு என்று குறிப்பும் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் சிதைந்த ஊர்ப்பெயரை உள்ளூர்க்காரர்தான் அடையாளம் காண முடியும். ஒரு கல்லூரி வரலாற்றுத் துறை ஒரு பருவத்தில் முடித்துவிடக்கூடிய வேலை இது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன.

அது இறந்தவர்களுக்கு. உயிரோடு திரும்பியவர்களுக்கு இருப்பது டிஸ்சார்ஜ் புத்தகம். பெயர், படை எண், ஊர், தாலுகா, மாவட்டம், சாதி, உயரம், உடல் அடையாளம், பணிக்காலம், பெற்ற பதக்கங்கள், நடத்தை எப்படி என்பது வரை அதில் எழுதியிருக்கும். ஆஸ்திரேலியக் கோப்புக்கு மிக அருகில் வரும் ஒரே காகிதம் நம்மிடம் அதுதான். பத்திரத்தோடும் பட்டாவோடும் அது இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பாகப்பிரிவினையின்போது நிலப்பத்திரம் பங்கு பிரிகிறது, இந்தப் புத்தகம் எவருக்கும் வேண்டாமல் போகிறது. கிராம நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு நாள் வைத்து, வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடும் நிபந்தனையோடு கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டால் போதும். பதக்க விளிம்பையும் அப்படியே எடுக்கலாம். சுவரில் வெள்ளையடித்து மூடிய சலவைக்கல் எந்த ஊரில் உள்ளது என்று பஞ்சாயத்துத் தலைவர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

இதில் எதை முதலில் செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1945இல் பதினெட்டு வயதில் படையில் இருந்தவருக்கு இன்று நூறை ஒட்டிய வயது. அவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள், மனைவிமாரில் சிலர் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்ச் சிப்பாய்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாநில அரசு மாத உதவித்தொகை கொடுக்கிறது. அந்தப் பட்டியல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருக்கிறது. டிசம்பர் 7 கொடிநாளுக்கு உண்டியலோடு பள்ளிப் பிள்ளைகளை அனுப்புகிறோம். இந்த ஆண்டு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து அவர்களை அந்தப் பட்டியலில் உள்ள அம்மாக்களிடம் அனுப்பலாம். கணவர் எந்த ஊர்களின் பெயரைச் சொல்வார், எந்த மொழியில் தூக்கத்தில் பேசுவார், மணியார்டர் எத்தனை ரூபாய் வரும், திரும்பி வந்த நாளில் கையில் என்ன இருந்தது என்று கேட்கச் சொல்லலாம்.